பயண வழியில் ஒரு நிழல்: நூலகத்தின் கதவு நமக்கும் உரியதே

 

பயணத்திற்குப் புறப்படுமுன் பேருந்துக் கட்டணத்தைக் கணக்கிடுகிறோம். வழியில் உண்ணும் செலவைக் கணக்கிடுகிறோம். ஆனால், ஒரு பேருந்திலிருந்து இறங்கி மறு பேருந்துக்காகக் காத்திருக்கும் பொழுதை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. அந்தப் பொழுதில் வீட்டுப் பெண்கள் எங்கே அமர்வார்கள், குழந்தைகள் எங்கே இளைப்பாறுவார்கள், முதியவர்கள் எந்த நிழலில் மூச்சு வாங்குவார்கள் என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. இறங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது கிடைக்கும் பதில் பெரும்பாலும் பேருந்து நிலையத்தின் சிமெண்டுத் திண்ணையாகவே இருக்கிறது.

நம் குடும்பங்கள் பயன்படுத்தத் தவறும் ஓர் இடம் ஊர்தோறும் உண்டு. அது அரசுப் பொது நூலகம். பயணத்தின் இடையே ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அமைதியாக அமர்ந்திருக்க அதைவிடக் கண்ணியமான இடம் வேறில்லை என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களையும், அங்கே பேண வேண்டிய ஒழுங்குகளையும், இதில் நம் ஜமாஅத்துகளுக்குள்ள கடமையையும் இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வழிப்போக்கரின் உரிமை

மத்ரஸாவில் ஸகாத்தின் சட்டங்களைப் பயிற்றுவிக்கும்போது, அதைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை மாணவர்களுக்கு எண்ணிச் சொல்கிறோம். திருக்குர்ஆனின் 9:60 வசனம் அவர்களை வரிசைப்படுத்துகிறது. அவ்வரிசையில் இறுதியாக வருபவர் 'இப்னுஸ் ஸபீல்', அதாவது வழிப்போக்கர். 2:177, 17:26 ஆகிய வசனங்களிலும் உறவினர், ஏழைகள் ஆகியோருடன் வழிப்போக்கரும் இடம்பெறுகிறார். அச்சொல்லின் நேர்ப்பொருள் 'பாதையின் மகன்' என்பதாகும். சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பவரும் பாதையில் நிற்கும்போது பிறரின் உதவியை நாடுபவராகிவிடுகிறார். வீடும் வாசலும் உறவும் அவ்வேளையில் அவருக்குத் துணைநிற்பதில்லை. ஆகவேதான் அவருக்கென ஓர் உரிமையை மார்க்கம் வகுத்து வைத்தது.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது மனிதரின் உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்றும், வந்த காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தியை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. ஒட்டகத்தின் முதுகில் பாலைவனத்தைக் கடந்தவர்களுக்கு மட்டுமன்று, நின்றுகொண்டே பேருந்தில் மூன்று மணி நேரம் வருபவர்களுக்கும் இச்செய்தியின் பொருள் நன்கு விளங்கும்.

இந்த வேதனையைக் குறைக்க நம் முன்னோர் பல ஏற்பாடுகளைச் செய்து வைத்தார்கள். தமிழ்நாட்டின் பெருவழிகளில் சத்திரங்கள் இருந்தன. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் இருந்தன. தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. பள்ளிவாசல்களை ஒட்டியும் ரயில் நிலையங்களுக்கு அருகிலும் முஸாபிர்கானாக்கள் எழுந்தன. இன்று சத்திரங்களுள் பல கல்யாண மண்டபங்களாகவும் கடைகளாகவும் மாறிவிட்டன. முஸாபிர்கானாக்களில் எஞ்சியவை சிலவே. வழிப்போக்கர் மட்டும் குறையவில்லை, பன்மடங்கு பெருகியிருக்கிறார்.

பனியன் நாட்டின் பயணிகள்

திருப்பூர் மாவட்டத்தின் பாதைகளைச் சற்று நோக்குவோம். சாம்பிள் துணிகளைப் பையில் சுமந்து, பையிங் ஆபீஸில் குறித்த நேரத்திற்கு முன்பே வந்துவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் தெருவில் நிற்கும் சிறு வியாபாரிகள் இருக்கிறார்கள். ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஓவர்லாக் தைப்பதற்கும் செக்கிங் வேலைக்கும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, மாதம் ஒருமுறை ஊருக்குத் திரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். வேலை தேடிப் பிற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

மாவட்டத்தின் தெற்கு எல்லையில் மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி நகர். 1957ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அமராவதி அணையும், 1962ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சைனிக் பள்ளியும் அவ்வூரின் அடையாளங்கள். அணையையும் முதலைப் பண்ணையையும் காணக் குடும்பங்கள் வருகின்றன. சைனிக் பள்ளியில் பயிலும் பிள்ளைகளைப் பார்க்கத் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் வருகிறார்கள். பேருந்தில் வருபவர்களுள் மிகப் பெரும்பாலோர் உடுமலைப்பேட்டையில் இறங்கி வண்டி மாறியாக வேண்டும். மறையூர், மூணாறு செல்வோருக்கும் உடுமலையே வாயில்.

இவ்வாறு வண்டி மாறும் ஊர்களில்தான் நாம் பேசும் சிக்கல் எழுகிறது. காலையில் திருப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் உடுமலையில் இறங்குகிறது. பிள்ளையைச் சந்திக்கும் நேரத்திற்கோ, உறவினர் வந்து அழைத்துச் செல்வதற்கோ இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அந்த இரண்டு மணி நேரத்தை அக்குடும்பம் எங்கே கழிப்பது?

ஆண்களுக்குப் பள்ளிவாசல், பெண்களுக்கு?

ஆண்களுக்கு இக்கேள்வி பெரிதன்று. ஊரில் பள்ளிவாசல் இருந்தால் போதும். ஹவுழில் ஒளுச் செய்து, இரண்டு ரக்அத் தொழுது, தூணில் சாய்ந்து சற்றே கண்ணயரலாம். மோதினாரிடம் ஒரு சொல் கேட்டால் பையையும் ஓரமாக வைத்துக்கொள்ளலாம். அல்லாஹ்வின் இல்லம் பயணிக்குத் தாய்வீடு போன்றது என்று நாம் பேசும்போது, அது ஆண்களின் அனுபவத்திலிருந்து எழும் பேச்சு என்பதை மறந்துவிடுகிறோம்.

நம் பகுதிப் பள்ளிவாசல்களுள் பெண்களுக்கெனத் தனியிடமும் ஒளுச் செய்யும் வசதியும் கழிப்பறையும் உடையவை மிகச் சிலவே. கணவர் உள்ளே சென்று தொழுதுவிட்டு வரும்வரை மனைவியும் மகளும் பள்ளிவாசலின் வெளிப்புறச் சுவரோரம் வெயிலில் நிற்கும் காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். மடியில் கைக்குழந்தை, காலடியில் இரண்டு பைகள், எதிரே போக்குவரத்து. கண்டும் பழகிவிட்டோம் என்பதே வருந்தத்தக்கது.

தேநீர்க் கடையில் அமரலாமே என்பார்கள். ஒரு தேநீருக்கு ஒரு மணி நேரம் இருக்கை தருவார் எவருமில்லை. கடைக்காரரைக் குறை சொல்வதற்குமில்லை, அது அவருடைய பிழைப்பு. உணவகத்தில் அமர்ந்தால் ஒரு குடும்பத்திற்குச் சில நூறு ரூபாய் செலவாகும். மாதச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக மீதியை எண்ணிச் செலவிடும் குடும்பத்திற்கு அது சிறு தொகையன்று. ஜவுளிக் கடைக்குள் நுழைந்து வாங்கும் எண்ணமின்றிச் சேலைகளை விரிக்கச் சொல்லிப் பொழுதைக் கழிப்பவர்களும் உண்டு. விற்பனையாளரின் உழைப்பை வீணடிக்கும் அச்செயலை நாம் சரியென்று சொல்ல முடியாது.

காசு கேட்காத, காரணம் கேட்காத, ஆணையும் பெண்ணையும் ஒருசேர அமரவிடுகின்ற, மேலே கூரையும் காற்றாடியும் உள்ள இடம் ஒன்று ஊரில் இருக்குமானால் அது நூலகமே.

அது யாருடைய இடம்?

'நூலகம் படித்தவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுவோருக்கும் உரியது. வழிப்போக்கராகிய நாம் நுழையலாமா?' என்ற தயக்கம் நம்மவரிடம் உண்டு. அந்த இடம் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிந்தால் தயக்கம் விலகும்.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில்தான் இயற்றப்பட்டது. அதற்கு அறிவுத்துறையில் வழிகாட்டியவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன். அப்போது கல்வி அமைச்சராக இருந்து சட்டம் நிறைவேறத் துணைநின்றவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். அவர் பிறந்த ஊர் திருப்பூர். பனியனுக்குப் பெயர்பெற்ற நம் ஊர், தமிழ்நாட்டின் ஒவ்வொரு நூலகத்தின் பிறப்பிலும் இவ்வாறு பங்குபெற்றிருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்.

அச்சட்டத்தின் உயிர்நாடி நூலக வரி. நாம் செலுத்தும் சொத்து வரியோடு, ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு வீதம் நூலகத்திற்கென வசூலிக்கப்படுகிறது. வரி ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது தனியே குறிக்கப்பட்டிருக்கும். வாடகை வீட்டில் குடியிருப்பவரும் தாம் தரும் வாடகையின் வழியே அதில் பங்களிக்கிறார். இன்று தமிழ்நாட்டில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இயங்குகின்றன. உடுமலையின் கிளை நூலகங்களும் திருப்பூரின் மாவட்ட மைய நூலகமும் அவற்றுள் அடங்கும். அங்கே நாம் அமர்வது எவருடைய தயவிலும் அன்று. நாமும் பிற சமுதாயத்தவரும் சேர்ந்து கட்டிய வரியில் எழுந்த கூரையின்கீழ் அமர்கிறோம். நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லத்தான் உறுப்பினராக வேண்டும். உள்ளே அமர்ந்து படிக்க உறுப்பினர் அட்டை வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரெழுதிக் கையொப்பமிட்டால் போதும்.

மெர்வ் நகரின் விருந்தாளி

பயணியும் நூலகமும் சேர்ந்த வரலாறு நம் சமுதாயத்திற்குப் புதியதன்று. யாகூத் அல்ஹமவீ (ரஹ்) அவர்களின் வாழ்வு இதற்குச் சான்று. ரோம் நாட்டுப் பகுதியிலிருந்து சிறுவனாகச் சிறைபிடிக்கப்பட்டு, பக்தாதில் ஒரு வணிகருக்கு அடிமையாக விற்கப்பட்டவர் அவர். எழுத்தறிவு பெற்று, எசமானரின் வணிகத்திற்காகக் கடல் கடந்து பயணித்தார். விடுதலை பெற்ற பின் நூல்களைப் பிரதியெடுத்துக் கொடுத்தும் வணிகம் செய்தும் ஊர் ஊராகச் சென்று பிழைத்தார். இன்றைய மொழியில் சொன்னால், பையில் சரக்கோடு அலையும் ஒரு சிறு வியாபாரி.

கிறித்தவ ஆண்டு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் குராசானின் மெர்வ் நகரை அடைந்தார். அந்நகரில் வக்ஃபாக விடப்பட்ட பத்து நூலகங்கள் இருந்ததாக அவரே எழுதிவைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன. வெளியூர்க்காரராகிய அவருடைய அறையில் எந்நேரமும் 200 நூல்கள் இருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் அடமானம் ஏதும் கேளாமலே, அந்நூலகங்கள் அவருக்கு இரவல் தந்தன. ஊரையும் உறவையும் அந்நூலகங்கள் மறக்கடித்துவிட்டன என்று அவர் நன்றியோடு நினைவுகூர்கிறார். நாடுகளையும் நகரங்களையும் அகரவரிசையில் விளக்கும் 'முஃஜமுல் புல்தான்' என்னும் அவருடைய பெருநூலுக்கு வேண்டிய செய்திகளுள் பெரும்பகுதி அங்கே திரட்டப்பட்டதே. ஒரு வழிப்போக்கருக்கு இருக்கை கொடுத்ததால் உலகிற்கு ஒரு நூல் கிடைத்தது. 1221ஆம் ஆண்டில் மங்கோலியர் அந்நகரை அழித்தார்கள், நூலகங்களும் அழிந்தன. அவை இருந்த செய்தியை நமக்குச் சொல்வதும் அந்த வழிப்போக்கரின் எழுத்துதான்.

மோசுல் நகரைச் சேர்ந்த ஜஅஃபர் இப்னு முஹம்மத் இப்னு ஹம்தான் (ரஹ்) என்ற அறிஞரைப் பற்றியும் யாகூத் (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 323இல் மறைந்த அவ்வறிஞர், தம் ஊரில் 'தாருல் இல்ம்' என்னும் நூலகத்தை நிறுவி, கல்வி நாடும் அனைவருக்கும் அதைத் திறந்துவிட்டார். எவரும் அங்கே தடுக்கப்படவில்லை. கல்வியை நாடி வந்த வெளியூர்வாசி வறியவராக இருந்தால் அவருக்குத் தாளும் பணமும் கொடுக்கப்பட்டன. பாதையின் மகனுக்குரிய உரிமையை நூலகத்தின் வாயிலாக நிறைவேற்றிய முன்னோர் அவர்.

எழக்கூடிய ஐயங்கள்

இக்கருத்தைச் சொல்லும்போது சில ஐயங்கள் எழுவது இயல்பு.

முதலாவது: 'நூலகம் படிப்பதற்கான இடம், பொழுதுபோக்க நுழைவது முறையா?' இது நியாயமான கேள்வி. தேர்வுக்குப் படிக்கும் ஓர் ஏழை மாணவரின் இருக்கையை, பேருந்துக்காகக் காத்திருக்கும் நாம் பறித்துக்கொள்ளலாகாது. ஆனால், பயணியாக வந்தவர் வாசகராகக்கூடாது என்று எவர் சொன்னார்? நூல்கள் அலமாரியில் அழகுக்காக அடுக்கப்படுபவை அல்ல, பயன்படுத்தப்பட வேண்டியவை என்பதும், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலும் ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரும் உண்டு என்பதும் அரங்கநாதன் 1931ஆம் ஆண்டு வெளியிட்ட நூலக விதிகளின் சாரம். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார்கள். வாசகரைத் தேடி வண்டியேறிச் சென்ற நூல், வண்டி மாற வந்த வாசகரை வேண்டாமென்று சொல்லாது. உள்ளே நுழைபவர் ஒரு நாளிதழையோ நூலையோ கையில் எடுத்துப் பத்துப் பக்கம் படித்தால் அந்த இருக்கைக்குரிய கடனைத் தீர்த்தவராகிறார்.

இரண்டாவது: 'ஆண்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் நம் பெண்கள் அமரலாமா?' பேருந்து நிலையத்தில் அமர்வதற்கு இல்லாத தயக்கம் நூலகத்தில் அமர்வதற்கு மட்டும் ஏன் வர வேண்டும் என்று திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. கூச்சலும் இடிபாடும் கேலிப்பேச்சும் உள்ள இடத்தைவிட, ஒவ்வொருவரும் தம்முன் உள்ள பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் அமர்ந்திருக்கும் இடம் பாதுகாப்பானது. நூலகர் ஒருவரின் கண்காணிப்பும் அங்கே உண்டு. பெண்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கிய நூலகங்களும் உள்ளன. மஹ்ரமானவருடன் செல்லும் பெண்களுக்கு இதில் தடையேதும் இருப்பதாக நாம் கருதவில்லை.

மூன்றாவது: 'புர்கா அணிந்து உள்ளே சென்றால் ஏற இறங்கப் பார்ப்பார்களே?' முதல்முறை பார்க்கக்கூடும். நாம் ஓரிடத்திற்குச் செல்லாமலே இருந்தால், அங்கே நாம் எப்போதும் புதியவர்களாகவே இருப்போம். பத்துக் குடும்பங்கள் சென்று, அமைதியாக அமர்ந்து படித்து, நன்றி சொல்லித் திரும்பினால், பதினோராவது குடும்பத்தை எவரும் ஏறிட்டும் பார்க்கமாட்டார். நம்மைப் பற்றிய தவறான எண்ணங்களைக் களைய மேடைப் பேச்சைக் காட்டிலும் இவ்வாறு அருகருகே அமர்ந்திருப்பது மிகுதியாக உதவும். ஒரே மேசையில் எதிரெதிரே அமர்ந்து ஒரே நாளிதழின் வெவ்வேறு தாள்களைப் படிக்கும் இருவர் ஒருவரையொருவர் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?

இடத்திற்குரிய கடமைகள்

பாதையோரங்களில் அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தவிர்க்கச் சொன்னபோது, அங்கே அமர்ந்து பேச வேண்டிய தேவை தங்களுக்கு இருப்பதாகத் தோழர்கள் முறையிட்டார்கள். அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று பணித்து, பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவற்றை அந்த உரிமைகளாக எண்ணிக் காட்டினார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் பொது இடம் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும். இடத்தை நாம் பயன்படுத்தினால் இடத்திற்கும் நம்மீது ஓர் உரிமை உண்டாகிறது. அந்த அடிப்படையில் நூலகத்திற்குரிய கடமைகள் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம்.

உள்ளே நுழைந்ததும் நூலகரிடம் நாம் வெளியூர், இவ்வளவு நேரம் அமர்ந்து படிக்க விரும்புகிறோம் என்று சொல்லிவிடுவது நல்லது. பைகளை எங்கே வைக்கச் சொல்கிறாரோ அங்கே வைக்க வேண்டும். கைபேசியின் ஒலியை நிறுத்திவிட வேண்டும். பயான்களையும் குர்ஆன் ஓதலையுமே கேட்டாலும், சத்தமாக ஒலிக்கவிடுவது பிறருக்குத் துன்பமே. நன்மையான ஒன்றைக் கொண்டு பிறரைத் துன்புறுத்தினால் அது நன்மையாகாது.

உணவுப் பொட்டலத்தை அங்கே பிரிக்கலாகாது. பசியாறிய பின்னரே உள்ளே செல்ல வேண்டும். மேசையில் தலை கவிழ்த்து உறங்குவதும், காலை எதிர் நாற்காலியில் நீட்டுவதும், குடும்பமாக வட்டமிட்டு அமர்ந்து கல்யாணப் பேச்சைத் தொடங்குவதும் கூடாது. எடுத்த நூலை எடுத்த இடத்தில் வைக்கத் தெரியாவிட்டால் மேசைமீதே வைத்துவிடுவது நல்லது. தவறான அலமாரியில் செருகிய நூல் தொலைந்த நூலுக்குச் சமம். ஒருவர் நாளிதழைப் பிடித்துக்கொண்டிருக்கையில், பின்னால் ஒருவர் காத்திருந்தால் கொடுத்துவிட வேண்டும். இடநெருக்கடி ஏற்பட்டால் படிக்கும் மாணவருக்கு நாம் எழுந்து இடம் தர வேண்டும்.

தொழுகையைப் பற்றியும் ஒரு சொல். வாசிப்பறையின் நடுவே விரிப்பை விரிப்பது முறையன்று. அது பலருக்கும் பொதுவான இடம். ஆண்கள் பள்ளிவாசலுக்குச் சென்றுவிட வேண்டும். அருகில் பெண்களுக்கு இடமுள்ள பள்ளிவாசல் இல்லையென்றால், நூலகரிடம் பணிவாகக் கேட்டு, எவருக்கும் இடையூறில்லாத ஓர் ஓரம் கிடைத்தால் தொழலாம், மறுத்தால் வற்புறுத்தலாகாது. இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: திருப்பூருக்கும் உடுமலைக்கும் இடைப்பட்ட தொலைவு ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின்படியும் கஸ்ருக்குரிய தொலைவன்று. அதற்குள் முடியும் பயணத்தில் தொழுகையை முழுமையாகவே நிறைவேற்ற வேண்டும். ஆகையால் லுஹரின் நேரத்தையும் அஸரின் நேரத்தையும் கணக்கிட்டே பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

முன்கூட்டியே அறிய வேண்டியவை

நூலகத்தை நம்பிப் புறப்படுமுன் சிலவற்றை அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஜுமுஆ நாளில் ஆண்களுக்குப் பள்ளிவாசல் இருக்கிறது. பெண்களுடன் பயணம் செய்பவர் வேறு கிழமையைத் தெரிவு செய்வது நல்லது. இரண்டாம் சனிக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாள்களிலும் கதவு மூடியிருக்கக்கூடும். நேரமும் எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இராது. பகுதிநேர நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் சில மணி நேரமே திறந்திருக்கும். நண்பகலில் மூடப்படுபவையும் உண்டு. கழிப்பறையும் குடிநீரும் எல்லா நூலகங்களிலும் கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. அவ்விரண்டுக்கும் வேறு ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ள வேண்டும்.

பெருநகரங்களுக்குச் செல்வோருக்கு வசதி மிகுதி. சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனத் தனிப்பகுதிகள் உள்ளன. மருத்துவமனைக்கென்று சென்னைக்குச் செல்லும் நம் குடும்பங்கள், அறிக்கை வரும்வரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பிள்ளைகளை அலைக்கழிப்பதைவிட, ஒருவர் அங்கே காத்திருக்க, மற்றொருவர் பிள்ளைகளை நூலகத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

பிள்ளைகளைப் பற்றிய இந்தப் பயனே எல்லாவற்றிலும் பெரிது என்று கருதுகிறோம். பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் பிள்ளையின் கையில் நாம் கைபேசியைக் கொடுக்கிறோம். வேறு வழியில்லை என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். அதே பிள்ளை நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு படக்கதையையோ, விலங்குகளைப் பற்றிய நூலையோ புரட்டினால், அந்த ஒரு மணி நேரம் அதன் உள்ளத்தில் தங்கும். மத்ரஸாவில் பாடம் நடத்தும் எங்களுக்குத் தெரியும்: வீட்டில் நூல் படிக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்குக் குர்ஆனின் பொருளைச் சொல்லிக்கொடுப்பது எளிது. கேட்ட சொல்லின் பொருளை அது தானே தேடிச் செல்லும்.

ஜமாஅத்துகளின் கடமை

நூலகத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தம் கடமையிலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்கள் வெயிலில் நிற்பதற்கு நூலகம் ஓர் உடனடித் தீர்வு. நிலையான தீர்வு நம் கையில் இருக்கிறது. நெடுஞ்சாலையோரத்திலும் பேருந்து நிலையங்களுக்கு அருகிலும் உள்ள பள்ளிவாசல்களேனும், தனி வாசலோடு கூடிய ஒரு சிறு அறை, ஒளுச் செய்யக் குழாய், ஒரு கழிப்பறை ஆகிய மூன்றையும் பெண் பயணிகளுக்கென ஏற்படுத்த வேண்டும். இலட்சக்கணக்கில் செலவிட்டு மினாராவை உயர்த்தும் நிர்வாகம், அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால், பாதையின் பெண்மக்களுடைய துஆ அந்த மஹல்லாவைச் சூழும்.

நூலகங்களுக்கும் நாம் செய்யக்கூடியவை உண்டு. ஒவ்வொரு நூலகத்திலும் வாசகர் வட்டம் இருக்கிறது. நம் இளைஞர்கள் அதில் சேர வேண்டும். சிறு தொகை செலுத்திப் புரவலராகும் திட்டமும் உண்டு. நம் வணிகர்கள் முன்வர வேண்டும். கழிப்பறை, குடிநீர், பெண்களுக்கான தனி மேசை ஆகியவற்றைக் கேட்டு மாவட்ட நூலக அலுவலரிடம் பிற சமுதாயத்தவரோடு சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். நம் வீடுகளில் படித்து முடித்த நல்ல நூல்களை நூலகர் ஏற்பாரானால் அன்பளிப்பாகக் கொடுக்கலாம். இவற்றுக்கு ஸகாத் தொகையைச் செலவிடலாகாது. அது உரிய மனிதர்களின் கையில் சேர வேண்டியது. ஸதகாவிலிருந்து தாராளமாகச் செய்யலாம். மக்கள் படித்துப் பயன்பெறும் காலமெல்லாம் நன்மை வந்துகொண்டிருக்கும் ஸதகத்துல் ஜாரியாவாக அது அமையும், இன்ஷா அல்லாஹ்.

பயன்படுத்துவோர் இல்லாத இடங்களை எவரும் நீண்ட நாள் பேணுவதில்லை. வருகைப் பதிவேட்டில் கையொப்பங்கள் குறைந்தால், நூலகத்தின் நேரமும் குறையும். ஒரு நாள் கதவும் மூடப்படும். சத்திரங்களுக்கு நேர்ந்தது இதற்கும் நேரலாம். அப்போது வழிப்போக்கருக்கு எஞ்சுவது மீண்டும் அந்தச் சிமெண்டுத் திண்ணைதான். ஆகவே அடுத்த பயணத்தைத் திட்டமிடும்போது, இறங்கும் ஊரின் பள்ளிவாசல் எங்கே என்று விசாரிப்பதோடு நூலகம் எங்கே என்றும் விசாரிப்போம். வீட்டுப் பெண்களிடமும் அந்த முகவரியைச் சொல்லி வைப்போம்.

நம் பயணங்களை அல்லாஹ் எளிதாக்குவானாக! பாதையில் இருப்போருக்கு நிழல் தருவோராக நம்மை ஆக்குவானாக! பயனுள்ள கல்வியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.